ஒன்பதாம் தொட்டியின் நான்காம் சாமந்தி

மார்ச் 2

அண்ணிக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். மணி ஒன்றே முக்கால் ஆகிறது. பகலில் எழுதலாமே என்பீர்கள். பகலில் எனக்கு இரண்டு கையும் சொந்தமில்லை. இப்போதும் ஒன்றுதான் சொந்தம். மற்றது சின்னதின் நெஞ்சின்மேல் கிடக்கிறது, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடி. நாலு மாதக் குழந்தைக்கு மூச்சுவிட யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று மருத்துவர் சிரித்தார். வேண்டாம்தான். ஆனாலும் பார்க்கிறேன்.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். (சரி, போன தடவை வைத்தது நான்.) அதனால்தான் கடிதம். மீன் தீவன வண்டி செவ்வாயும் வெள்ளியும் எங்கள் தெரு முனையில் பனிக்கட்டி ஏற்றிக்கொண்டுதான் நம் மீன் காட்சியகத்துக்கு வருகிறது. கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். “கடுதாசிதானேம்மா, நண்டு மாதிரி கடிக்காதே?” என்றார். கடிக்காது என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டறிக்கையின் நகல் நேற்று வந்தது. பதினான்காம் பக்கம். “ஒன்பதாம் தொட்டியில் பழுப்பு நிறக் கடல் சாமந்தி ஒன்றின் உடல்மேல் ரோஜா நிறக் குஞ்சுகள் மூன்று ஒட்டியிருந்ததாகக் கூறப்படுவது பார்வைப் பிழையாக இருக்கலாம்.” கீழே சரிபார்த்தவர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. நீளமாக, கடைசி எழுத்தில் ஒரு வால் போட்டு.

பத்தொன்பது நாள் பார்த்தேன், அண்ணி. எட்டாம் மாதத்தில், குனியவும் முடியாமல் குந்தவும் முடியாமல், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கண்ணாடியோடு மூக்கு ஒட்ட. பேர்தான் பூ, உயிர் விலங்கு; இவை தங்கள் குஞ்சுகளை உடம்பின் நடுவில் ஒட்டவைத்துச் சுமக்கிற சாதி. பழுப்பு பழுப்பைச் சுமக்கும், ரோஜா ரோஜாவைச் சுமக்கும். குழாயோரம் தனியாக இருக்கும் நான்காம் பழுப்பு மட்டும் மூன்று ரோஜாக்களைச் சுமந்தது. அடுத்தவள் பிள்ளையைத் தத்து எடுத்திருக்கிறது என்று குறிப்பு எழுதினேன். அதை வாசித்துவிட்டு இயக்குநர் கூட்டத்தில் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது.

“காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சும்பாங்க. இந்தம்மாவுக்கு எந்தக் குஞ்சைப் பார்த்தாலும் பொன்குஞ்சு. பிள்ளை பிறக்கிற நேரம், பாவம், விட்டுடுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. பேனாவின் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தீர்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் கண்ணில் பூ விழுமா? பத்து வரை எண்ணத் தெரியாமல் போகுமா?

நீங்கள் நீங்கள் என்று எழுதி எனக்கே கை வலிக்கிறது. கல்லூரியில் ஒரே பெஞ்சில், ஒரே தவளையை அறுத்தவர்கள் நாம். என் அண்ணனைக் கட்டிக்கொண்டாய் என்பதற்காக உன்னை அண்ணி என்று கூப்பிட மாட்டேன், கோபம் வந்தால்தான் கூப்பிடுவேன் என்று உன் கல்யாணத்தன்றே சொன்னேன். இப்போது கூப்பிடுகிறேன்.

அண்ணி, ஏன் கையெழுத்துப் போட்டாய்?

குட்டை


மார்ச் 6

குட்டைக்கு,

முதல் பக்கம் முழுக்க மரியாதை. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணன் என்ன என்று கேட்டார். “உங்க தங்கச்சி என்னை நீங்கன்னு எழுதியிருக்கா” என்றேன். “அய்யய்யோ” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். புத்திசாலி.

நான் உன்னைப்போல் நீளமாக எழுத மாட்டேன். நேரமில்லை. உன் ஐந்து தொட்டியும் என் ஆறும் சேர்த்துப் பதினொன்று. அக்டோபரிலிருந்து நான் ஒருத்தி. உப்பில் விரல் நுனி எல்லாம் வெடித்திருக்கிறது. மூன்றாம் தொட்டியில், கோமாளி மீன் குடியிருக்கிறதே அந்தப் பெரிய சாமந்தி, அதற்கு இருந்த இடம் பிடிக்கவில்லை. இரவோடிரவாக நகர்ந்து போய் நீரேற்றியின் வாயில் மாட்டிக்கொண்டது. பாதி பிழைத்தது. ஐந்தில் துறவி நண்டு சங்கு மாற்றியது. பழைய சங்கின் முதுகில் இருந்த சாமந்தியைத் தட்டித் தட்டிப் பெயர்த்துப் புதுச் சங்கின்மேல் ஏற்றிக்கொண்டது, வீடு மாறுகிறவன் காவல் நாயையும் கூட்டிக்கொண்டு போவதுபோல. ஆறில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் புழு மாதிரிச் சாமந்தி மூன்று வாரமாய்த் தலை காட்டவில்லை. ஏழில் இருக்கும் சாமந்தி, நட்சத்திர மீனின் வாடை பட்டதும் பாறையை விட்டுப் பெயர்ந்து நீந்துகிறது. நீச்சலா அது? விரிப்பை உதறுவதுபோல் இருக்கிறது. நேற்று ஒரு பார்வையாளர் அம்மா கேட்டார்: “இந்தப் பூவெல்லாம் எப்பம்மா வாடும்?” நான் சொன்னேன்: “வாடாதும்மா. கடிக்கும்.” சாமந்தி என்று பேர் வைத்தவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனி உன் கேள்வி. நீ பிரசவத்துக்குப் போன மறுநாள் ஒன்பதாம் தொட்டியைப் பார்த்தேன். நான்காம் பழுப்பின்மேல் ஒரு குஞ்சும் இல்லை. வளர்ந்து இறங்கிப் போயிருக்கலாம். யார் கண்டது? உன்னிடம் படம் இல்லை. “கேமரா எடுக்கக் குனிய முடியலை” என்றாய். நீ பொய் சொன்னாய் என்று நான் நினைக்கவில்லை. நம்புவது வேறு, கையெழுத்து வேறு. இல்லாததை இருந்தது என்று எழுத எனக்குக் கை வராது. நாளைக்கு என் குறிப்புக்கு நீ கையெழுத்துப் போட வேண்டியிருந்தாலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கூட்டத்தில் அவர் பேசியபோது நான் சும்மா இருந்தது வேறு விஷயம். அதை நியாயப்படுத்த மாட்டேன்.

கெட்ட செய்தியைக் கடைசியில் வைத்தேன். 30ஆம் தேதி திங்கட்கிழமை ஒன்பதாம் தொட்டியைக் காலி செய்கிறார்கள். அங்கே பொம்மைக் கடை வருகிறதாம், பஞ்சில் செய்த கோமாளி மீன். “மூணு வருஷமா ரெண்டு நிறத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க, ஒண்ணும் தேறலை” என்கிறார் இயக்குநர். உன் வேலை ஒன்பதாம் தொட்டி ஆராய்ச்சியின் பேரில் போட்டது. விடுப்பு முடிந்து ஒன்றாம் தேதி நீ வந்தால் உனக்கு நிற்க இடம் இருக்காது. தெரிந்து வைத்துக்கொள்.

சின்னதுக்குப் பேர் வைத்ததைக்கூட உன் அண்ணன் வாயால் கேட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

நெட்டை


மார்ச் 9

நெட்டைக்கு,

பேர் வைத்ததைச் சொல்லாதது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். மற்ற எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உன் கடிதத்தை வீட்டில் இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, “நல்லதுக்குன்னு நினைச்சுக்கோயேன். குழந்தையும் சின்னது, ஊரும் தூரம். உப்புத் தண்ணியிலதானே நிக்கப் போறே?” என்றார். நல்ல மனிதர். ராத்திரி இரண்டாம் முறை எழுந்து தூளியை ஆட்டுவது அவர்தான். அதனால் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னேன், “நல்லதுக்குன்னு நினைச்சுக்க மாட்டேன். அது நல்லதுக்கு இல்லை.” அவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, “சரி, யார்கிட்ட சண்டை போடணும், சொல்லு” என்றார். உன் பேரைத்தான் சொன்னேன்.

என் வேலை போவதைப் பற்றி எனக்குப் பயம் இருக்கிறது, நெட்டை. மறைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன் இப்போதெல்லாம். சின்னது தும்மினால் பயம், தும்மாவிட்டால் பயம். ஆனால் வேலை போய், கூடவே “பிள்ளை பெத்தவளுக்குக் கண் தெரியாது” என்ற பேரும் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார மாட்டேன். போனால் ஒன்றாவது மிஞ்ச வேண்டும்.

நிரூபணம் இல்லை என்கிறாய். சரி, நிரூபணம் செய். இருபது நாள் இருக்கிறது.

நமக்கு இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன், நீ கையில் வைத்துக்கொண்டே செய்யலாம். பழுப்பு ஏழும் ஒரே உடம்பு. ஒன்று நடுவில் கிழிந்து இரண்டாகி, அது மறுபடி கிழிந்து ஏழானது. ரோஜா நான்கும் அப்படியே. குஞ்சுகளும் அதே உடம்பின் துளிகள்தான், அப்பா கிடையாது. ஒரு கூட்டம் தன் உடம்பை அறியும். பக்கத்தில் எவ்வளவு நெருக்கினாலும் ஒன்றும் செய்யாது. வேற்றுக் கூட்டம் தொட்டால் கழுத்துக்குக் கீழே வெள்ளை முடிச்சுகளை ஊதிப் பெருக்கி எதிரியின்மேல் அப்பும். ஒட்டிய இடத்தில் தோலே உரிந்து தங்கிவிடும், கொட்டும் செல்களோடு. அதனால்தான் பழுப்புக்கும் ரோஜாவுக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வெறும் பாறை கிடக்கிறது.

அப்படிக் கொட்டுகிற ஜாதி, எதிரியின் குஞ்சை மட்டும் சுமந்தது என்பதுதான் என் குறிப்பு. பிள்ளைக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அவ்வளவுதான் சொன்னேன்.

மெல்லிய தூரிகையால் ரோஜாவிலிருந்து குஞ்சுகள் ஆறு எடு. ஒன்றாம், இரண்டாம், ஐந்தாம் பழுப்புகளின்மேல் இரண்டிரண்டாக வை. நீரேற்றியை அரை மணி நிறுத்து, இல்லாவிட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். தினமும் காலையும் மாலையும் எண்ணு. இந்த முறை படம் எடு. உனக்குக் குனிய முடியும், உயரம்தான் இடைஞ்சல்.

அதுகளுக்கு வலிக்காமல் எடு.

குட்டை


மார்ச் 17

குட்டைக்கு,

செய்தேன். உட்கார்ந்துகொண்டு படி.

ஆறு குஞ்சு வைத்தேன். முதல் நாள் மாலை ஆறும் இருந்தன. இரண்டாம் நாள் காலை ஐந்தாம் பழுப்பு முடிச்சை ஊதியது. ஒன்று, இரண்டு, அவையும் ஊதின. மூன்றாம் நாள் ஆறும் கூழ். தூரிகையால் தொட்டால் நூலாய்ப் போனது. படம் இருக்கிறது. அனுப்பவில்லை, நீ இருக்கிற இருப்பில் பார்க்க வேண்டாம். விதிவிலக்கு என்று ஒன்றும் இல்லை, குட்டை. குஞ்சானாலும் எதிரி எதிரிதான்.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நான் மனுஷி இல்லை.

நான் தூரிகையோடு குனிந்திருந்தபோது தொட்டி கழுவுகிற அண்ணன் பின்னால் வந்து நின்றார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு, “இதை நான் எப்பவோ செஞ்சேனேம்மா” என்றார்.

“எதை?”

“புரட்டாசி மாசம், வடிகட்டிப் பஞ்சைப் பிழியும்போது மூணு குட்டி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. செவப்பா, கடுகு மாதிரி. சாக்கடையில ஊத்த மனசு வரலை. குழாய்கிட்ட தனியா ஒண்ணு உக்காந்திருக்குமே, அதும்மேல விட்டேன். அனாதையா மிதக்குதே, பெரியம்மாகிட்ட இருக்கட்டும்னு.”

“யார்கிட்டயும் ஏன் சொல்லலை?”

“சொன்னா திட்டுவீங்க. அந்தச் சின்னம்மா வேற தினமும் வாளி போட்டு உக்காந்து அதையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. மாசமா இருக்கிற பொண்ணு, ஏதோ சந்தோஷமா பார்க்குது, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

ஆக, குஞ்சுகள் தாமாக ஏறவில்லை. சாமந்தி தானாக எடுக்கவும் இல்லை. மூன்று குஞ்சு இருந்தது உண்மை. உன் கண்ணில் குறையில்லை. “பார்வைப் பிழை” என்று நான் போட்டது தப்பு, அதைத் திருத்தி எழுதித் தருகிறேன். ஆனால் உன் குறிப்பும் விழுந்துவிட்டது. தொட்டி கழுவுகிறவர் இரக்கப்பட்டார் என்பதற்கு ஆராய்ச்சிக் குறிப்பு எழுத முடியாது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த ஆறையும் தொட்டியிலிருந்து எடுத்துப் போட்டது என் கைதான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அண்ணனிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

நெட்டை


மார்ச் 19

நெட்டைக்கு,

பகல் பதினொன்று. சின்னது இப்போதுதான் கண்ணயர்ந்தது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதல் நாள் அழுதேன். இவரிடம் வெங்காயம் என்றேன். “அடுப்பே பத்தவைக்கலையே” என்றார். இரண்டாம் நாள் அந்த ஆறு குஞ்சுகளை நினைத்து அழுதேன். வைக்கச் சொன்னது நான், எடுத்துப் போட்டது நீ. மூன்றாம் நாள், இன்று காலை, சின்னதைக் குளிப்பாட்டித் துவட்டும்போது சட்டென்று கோபம் வந்தது. யார்மேல் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. நம் இரண்டு பேர்மேலும்தான்.

நீ எழுதியதை நீயே மறுபடி படி. ஒன்று, இரண்டு, ஐந்து ஆகிய மூன்று பழுப்பும் இரண்டாம் நாளே கொட்டின. மூன்றாம் நாள் கூழ். சரி. அப்படியானால் தொட்டி அண்ணன் வைத்த மூன்று மட்டும் ஏன் பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தன? பத்தொன்பது, நெட்டை. நான் எண்ணியது. என் கண்ணில் குறையில்லை என்று நீயே எழுதிவிட்டாய், இனி வாபஸ் வாங்க முடியாது.

கொட்டாமல் விட்டதற்குக் காரணம் குஞ்சு என்பது இல்லை. அதுதான் நீ காட்டிவிட்டாயே. அப்படியென்றால் நான்காம் சாமந்தி விட்டதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். தத்து என்ற சொல்லை நான் எடுத்துவிடுகிறேன். கொஞ்சம் ஆசைப்பட்டுத்தான் அந்தச் சொல்லைப் போட்டேன், அதில் இயக்குநர் சொன்னது கால்வாசி உண்மை. ஆனால் மூன்று ரோஜாக் குஞ்சை ஒரு பழுப்பு கொட்டவில்லை என்பதை எடுக்க மாட்டேன். அது என் ஆசை இல்லை, அது நடந்தது.

இப்போது ஒன்று கேட்கிறேன். அது ஏன் மூன்று வருஷமாகக் குழாயோரம் தனியாக உட்கார்ந்திருக்கிறது? அதற்கு நீரோட்டம் பிடிக்கும் என்று நாம் எழுதி வைத்தோம். பழுப்பு ஆறும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடக்கும்போது, இது மட்டும் ஒரு சாண் தள்ளி. நீரோட்டமா? பழுப்புகள் அதைப் பக்கத்தில் சேர்க்கவில்லை என்றால்?

நிறம் பழுப்பு என்பதால் அது பழுப்புக் கூட்டம் என்று யார் சொன்னார்கள்? அது பழுப்பு நிறம் பூசிய ரோஜா என்றால்? அப்படியானால் அந்த மூன்றும் அதன் சொந்த உடம்பு. அது எதையும் தத்தெடுக்கவில்லை. தன்னுடையதை அறிந்துகொண்டது, நம்மைவிட நன்றாக.

நிறம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. அந்த மூலையில் விளக்கு எட்டாது, அதனாலாக இருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன்.

ஒரே ஒரு வேலை. நான்காம் சாமந்தியைப் பெயர்த்து எடு. கத்தி வேண்டாம்; அடிப்பாதம் கிழிந்தால் அந்தத் துண்டே இன்னொன்றாக முளைத்து நம் கணக்கைக் குழப்பும். நகத்தை மெல்ல உள்ளே விட்டு, அது தானாக விடும்வரை காத்திரு. ஒரு மணி நேரம் ஆகும். உனக்குப் பொறுமை கிடையாது, இருந்தாலும் காத்திரு. முதலில் ரோஜாக்களின் பக்கம் வை. இரண்டு நாள் கழித்துப் பழுப்புகளின் பக்கம் வை.

கொட்டினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். பொம்மைக் கடை வரட்டும். நானே ஒரு பஞ்சு மீன் வாங்கிக்கொள்கிறேன்.

குட்டை


மார்ச் 24

குட்டை,

ஒரு மணி நேரம் இல்லை, ஒன்றே முக்கால் மணி. என் முதுகு இன்னும் நிமிரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ரோஜாக்களின் நடுவில் வைத்தேன். சுருங்கிக் கிடந்தது. இரவு எட்டுக்கு விரிந்தது. உணர்கொம்பு ஒன்று நீண்டு பக்கத்து ரோஜாவைத் தொட்டது. இரண்டும் சுருங்கின. மறுபடி நீண்டது. மறுபடி தொட்டது. பிறகு எதுவும் நடக்கவில்லை. நான் அவ்வளவு நேரம் ஒன்றும் நடக்காததை ஆசையாகப் பார்த்தது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. சனிக்கிழமை காலை பார்த்தால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிறு மாலை பழுப்புகளிடம் கொண்டுபோனேன். நாற்பது நிமிஷம். இரண்டு பக்கமும் முடிச்சு ஊதிவிட்டது, வெள்ளை மணி கோத்ததுபோல. ஆறாம் பழுப்பின் தோளில் நான்காம் சாமந்தியின் தோல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உடனே பிரித்து எடுத்துவிட்டேன். இரண்டும் பிழைக்கும். படம் முப்பத்தொன்று எடுத்திருக்கிறேன். என் விரலும் ஒன்றில் விழுந்திருக்கிறது.

அது ரோஜா, குட்டை. பழுப்பு நிற ரோஜா. தொட்டி அண்ணனிடம் சொன்னேன். “நான்தான் அன்னைக்கே பெரியம்மான்னு சொன்னேனே” என்கிறார். இனி அவர் நடையே வேறு மாதிரி இருக்கும், நாம் வாழ முடியாது.

இனி நான் சொல்ல வேண்டியது. ஒன்பதாம் தொட்டிப் பதிவேட்டின் முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் படகுத்துறைப் பாறையிலிருந்து பதினொன்றையும் பெயர்த்து வந்த அன்று, “பழுப்பு 7, ரோஜா 4” என்று பிரித்து எழுதியிருக்கிறது. நீளமான எழுத்து. கடைசி எழுத்தில் வால். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல், நீ வரவில்லை. நிறத்தைப் பார்த்துப் பிரித்தது நான். மற்ற எதையும் பார்க்கவில்லை. அந்த ஒரு வரியை நம்பித்தான் நீ மூன்று வருஷம் எண்ணினாய், தத்து என்று எழுதினாய், சிரிப்பு வாங்கினாய். பார்வைப் பிழை இருந்தது. என்னுடையது.

நேற்று இயக்குநரிடம் போனேன். படங்களை மேசையில் பரப்பினேன். பார்த்தார். “சரிம்மா, நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைக்கு ஒப்பந்தம் போட்டாச்சு” என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, “அந்தம்மா வீட்ல உக்காந்து பிள்ளையைப் பார்க்கட்டும். கனவுல வர்றதை எல்லாம் உங்களை விட்டுச் செய்யச் சொல்றாங்களா?” என்றார்.

பேனா மூடி கையில் இருந்தது. கீழே வைத்தேன்.

“சார், அவ கனவுல வந்ததை நான் தண்ணியில பார்த்தேன். கண்ணு விழிச்சுக்கிட்டு மூணு வருஷம் நான் பார்க்காததை, அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்திருக்கா. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்ப நான் சும்மா இருந்தேன். அந்தக் கையெழுத்தை முதல்ல அடிச்சுக் கொடுங்க, அப்புறம் கடையைப் பத்திப் பேசலாம்.”

அவர் முகம் சுண்டியது. “திங்கக்கிழமை பத்து மணிக்குக் குழு கூடுது. எழுத்துல கொண்டாங்க. கண்டுபிடிச்சவங்க நேர்ல வந்து சொல்லட்டும். இல்லேன்னா பதினொரு மணிக்குத் தொட்டி காலி” என்றார்.

வடிகால் வால்வின் கைப்பிடி இப்போது என் கைப்பையில் இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து தேடுகிறேன்.

உன்னால் வர முடியுமா என்று கேட்க மாட்டேன். நாலு மணி நேரப் பயணம், கைக்குழந்தை. நீ வராவிட்டால் நான் வாசிக்கிறேன், திக்கித் திக்கி. அறிக்கையை மட்டும் நீ எழுது. எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும்.

நெட்டை


மார்ச் 26

அடியே நெட்டை,

எழுதிவிட்டேன். ஆறு பக்கம். இதோடு வைத்திருக்கிறேன். சின்னது ஒரு பக்கத்தின் மூலையைச் சப்பிவிட்டது, அது கறை இல்லை, எச்சில்.

எடுத்த எடுப்பிலேயே நம் தப்புகளைத்தான் போட்டிருக்கிறேன். யாரும் நமக்குச் சொல்லிக்காட்ட இடம் வைக்கக்கூடாது. தத்து என்று நான் நினைத்தது தப்பு. நிறத்தை வைத்துக் கூட்டம் பிரித்தது தப்பு. உன் பேர் போடவில்லை, ‘நாங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். காய்ச்சல் வந்து நான் வராததும் ஒரு தப்புதான். குஞ்சுகளை வைத்தவர் தொட்டி கழுவும் அண்ணன் என்று அவரைக் குறித்து ஒரு பத்தி முழுக்க இருக்கிறது. இறந்த ஆறு குஞ்சுகளும் எண்ணிக்கையில் இருக்கின்றன. அதற்கப்புறம்தான் நாம் கண்டது. படகுத்துறைப் பாறையில் இன்னும் எத்தனை பழுப்பு உண்மையில் பழுப்பு இல்லையோ, நமக்குத் தெரியாது. இந்தக் கரை முழுக்கப் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஒன்பதாம் தொட்டி வேண்டும், இரண்டு ஆள் வேண்டும் என்று கடைசிப் பத்தியில் கேட்டிருக்கிறேன். கெஞ்சவில்லை. கேட்டிருக்கிறேன்.

நான் வருகிறேன். யாரிடமும் கேட்டு முடிவு செய்யவில்லை, இவரிடம் சொன்னேன். “குழந்தையை விட்டுட்டுப் போறியா?” என்றார். “எதுக்கு விடணும்? அதுக்கும் வாய் இருக்கு, வந்து கத்தட்டும்” என்றேன். அவர் எழுந்து போய்ப் பரணிலிருந்து பெரிய பையை இறக்கினார். தானும் விடுப்புப் போட்டிருக்கிறாராம், கதவுக்கு வெளியே நிற்பாராம். கூட்டத்தின் நடுவில் சின்னது பசித்து அழுதால் நான் அங்கேயே பால் கொடுத்துக்கொண்டே அடுத்த பக்கத்தை வாசிப்பேன். முகம் திருப்புகிறவர்கள் திருப்பிக்கொள்ளட்டும், காது திறந்துதானே இருக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பார்க்கத் தெரியாது என்று சொன்ன அதே மேசை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே சொல்லப்போகிறேன்.

பயமாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. குரல் நடுங்கும். வண்டியில் சின்னதுக்குக் காது அடைக்குமோ, தூசி ஒத்துக்கொள்ளாதோ என்று ஒரு பக்கம் முழுக்கப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். அதை உனக்கு அனுப்பவில்லை. நடுங்கிக்கொண்டே வாசித்தாலும் எழுத்து மாறப்போவதில்லை.

வேலை கிடைக்காமல் போகலாம். ஒப்பந்தம் போட்டாகிவிட்டது என்றுதான் மறுபடியும் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் பதினொன்றையும் எந்தத் தொட்டியில் வைக்கிறோம், யார் தீனி போடுவது என்று அங்கேயே, எல்லார் எதிரிலும், எழுத்தில் வாங்காமல் நான் எழுந்திருக்க மாட்டேன். நீயும் எழுந்திருக்கக் கூடாது.

ஆறாம் பக்கத்தின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஒன்றில் என் கையெழுத்து இருக்கிறது. இன்னொன்று காலி. நம்புவது வேறு, கையெழுத்து வேறு என்று நீதான் சொன்னாய், அதனால் நான் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு வரியையும் உன் படங்களோடு வைத்துப் பார். எங்கே மிகைப்படுத்தியிருக்கிறேனோ அடித்துவிடு. எனக்கு ஆசை வந்தால் கை கொஞ்சம் நீளும், உனக்குத் தெரியும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் போடு. நீ போடாவிட்டாலும் வருவேன். போட்டிருந்தால் குரல் கொஞ்சம் குறைவாக நடுங்கும்.

ஓட்டுநர் நாளை மதியமே திரும்பிவிடுகிறார். திங்கட்கிழமைக்கு முன்னால் வேறு வண்டி இல்லை. எந்த வரி நிற்கிறது, எந்த வரி போகிறது என்று இரண்டே வரி எழுதி அவரிடம் கொடுத்துவிடு. சீக்கிரம் பதில் போடு.

குட்டை